இருபத்தோரு எழுத்து

ஓக்லண்டில் ஒரு செங்கல் சுவர் தனியாக நிற்கிறது. அதற்கு முன்னாலும் மைதானம் இல்லை, பின்னாலும் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே, கொடி படர்ந்து, இடிந்துபோன கோட்டையின் மிச்சம்போல நிற்கும் அந்தச் சுவரில் வெள்ளை வண்ணத்தில் இரண்டு எண்கள் தெரிகின்றன: 457 அடி, 436 அடி. அக்கா மகன் இரண்டு வருஷமாக அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போய்வருகிறான். "ஏதோ பழைய காம்பவுண்டுச் சுவர்னு நெனச்சிட்டிருந்தேன் மாமா" என்றான். சுவரை ஒட்டிப் போகும் சாலையின் பெயர்ப்பலகையை அவனுக்குக் காட்டினேன். ரொபெர்த்தோ கிளெமெந்தே டிரைவ்.

அக்காவை அவனிடம் கொண்டுவந்து விடத்தான் இந்தப் பயணம். அக்காவுக்குப் பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸில் குன்றின்மேல் இருக்கும் வேங்கடேசப் பெருமாள் கோவில். எனக்குப் பிட்ஸ்பர்க் என்றால் ஒரே ஓர் ஆள். சென்னையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த வருஷங்களில், விடிகாலையில் டீ குடிக்கப் போகும்போது கேன்டீன் டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்கும். கிரிக்கெட் கண்ணோடு பார்த்துப் பார்த்து, மெல்லப் பிடிபட்டு, பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய ஆட்டங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடத் தொடங்கியபோதுதான் அவரைக் கண்டேன். மைதானத்தின் வலது மூலையில் பந்தைத் துரத்தி ஓடுகிறார், குனிந்து எடுக்கிறார், உடம்பு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி எறிகிறார். எறிந்து முடிக்கும்போது இரண்டு காலும் தரையில் இல்லை. அன்றைக்கே இந்த ஊருக்கு ஒருமுறை வந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அவர் பெயரை நான் எழுதும் விதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் அது நம் காதுக்கு 'ராபர்ட்டோ கிளமென்ட்டே' என்றுதான் கேட்கும். ஸ்பானிய மொழியில் 't' என்ற எழுத்து நாக்கு பல்லில் பட்டுப் பிறக்கும் 'த'. நம்மிடமும் அந்த 'த' இருக்கிறது. இருக்கும்போது ஏன் வேறு மாதிரி எழுத வேண்டும்? இது சின்ன விஷயம் இல்லை. தன் பெயரைச் சரியாகச் சொல்லவைப்பதற்காக 18 வருஷம் போராடிய மனிதர் அவர்.

என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. நம்மில் பலருக்கும் அப்படித்தான். குடியேற்ற அதிகாரி முதல் விடுதி வரவேற்பாளர் வரை எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் திரும்பினேன். அந்த ஒரு நொடி கிளெமெந்தேவை எனக்கு இன்னும் நெருக்கமாக்கியது.

அவருடைய முழுப்பெயர் ரொபெர்த்தோ கிளெமெந்தே வாக்கர். கிளெமெந்தே அப்பா வழிப் பெயர், வாக்கர் அம்மா வழிப் பெயர். ஸ்பானிய வழக்கத்தில் பிள்ளையின் பெயரோடு இரண்டும் வரும், அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது கடைசியில். 1934 ஆகஸ்ட் 18 அன்று போர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்ற ஊரில் பிறந்தார். அப்பா மெல்ச்சோர் கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. வீட்டில் இவர் கடைக்குட்டி. கொய்யாக் கிளையை மட்டையாக வைத்து ஆடிய பையன்களில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்தார். பிற்காலத்தில் உலகம் வியந்த அந்தக் கைக்கு முதல் பயிற்சி அந்த ஈட்டிதான்.

1954இல் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்து அவரை எடுத்தது. எடுத்து, மொண்ட்ரியாலில் இருந்த தன் கிளை அணியில் கொண்டுபோய் வைத்து, அதிகம் ஆடவும் விடவில்லை. 4,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுத்த ஆட்டக்காரரை முதன்மை அணியில் வைத்துக்கொள்ளாவிட்டால், பருவ முடிவில் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. யார் கண்ணிலும் படக் கூடாதென்று வைத்திருந்த பையன் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஆள்தேடியான கிளைட் சூக்ஃபோர்த் கண்ணில் பட்டுவிட்டார். அந்த வருஷம் லீக்கில் கடைசி இடம் பைரேட்ஸுக்கு. கடைசி அணிக்குத்தான் முதல் தேர்வு. 4,000 டாலருக்கு கிளெமெந்தே பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். பிறகு வேறு எந்த அணிக்கும் போகவில்லை.

நாங்கள் நின்ற இடத்தில் 1909 முதல் 1970 வரை ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்ற மைதானம் இருந்தது. 457 அடி என்றால் கிட்டத்தட்ட 139 மீட்டர். கிரிக்கெட்டில் எல்லைக்கோடு 80 மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். இங்கே அந்த மூலைக்குப் பந்து போய்விட்டால் எடுத்துவருவதே ஒரு பயணம். மட்டைக்காரர் நின்ற ஹோம் பிளேட் இப்போது போஸ்வர் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், கண்ணாடிக்கு அடியில் பதிக்கப்பட்டிருக்கிறது. பையன்களும் பெண்களும் காப்பிக் கோப்பையும் மடிக்கணினியுமாக அதன்மேல் நடந்து போகிறார்கள். நான் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பக்கம் உள்ள ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். அங்கிருந்து எழுந்து வெளியே வந்து, சுவர் இருக்கும் திசையைப் பார்த்தபோது மைதானம் என் கண்முன் விரிந்துவிட்டது.

1956 ஜூலை 25. சிகாகோ கப்ஸ் அணி 8–5 என்று முன்னால் இருக்கிறது. கடைசி இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் பைரேட்ஸ் ஆட்கள். முதல் பந்தையே கிளெமெந்தே இடப்பக்கம் ஆழத்துக்கு அடிக்கிறார். பந்து வேலிக்கு வெளியே போகவில்லை, உள்ளேயே உருண்டு ஓடுகிறது. முன்னால் நின்ற மூன்று பேரும் வீடு வந்து சேர, ஸ்கோர் 8–8. மூன்றாவது பேஸ் அருகே நின்ற மேலாளர் பாபி பிராகன் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர் அங்கே நின்றிருப்பார். இன்னும் யாருமே அவுட் ஆகவில்லை, அடுத்தவர் அடித்தால் போதும். கிளெமெந்தே நிற்கவில்லை. ஓடி வந்து ஹோம் பிளேட்டில் கை வைத்தார், 9–8. வேலி தாண்டாத பந்தில், நான்கு பேரும் ஓடியே எடுத்து, ஆட்டத்தை அந்த அடியோடு முடித்துவைத்த வேறு நிகழ்வு பேஸ்பால் பதிவேடுகளில் இல்லை. அன்று அவருக்கு வயது 21.

அதே மைதானத்தில்தான் 1960இன் சாம்பியன்ஷிப் தொடரான வேர்ல்டு சீரிஸ் முடிந்தது. அக்டோபர் 13, ஏழாவது ஆட்டம், எதிரே நியூயார்க் யாங்கீஸ். கடைசி இன்னிங்ஸில் பில் மாஸரோஸ்கி அடித்த ஹோம் ரன்னைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பந்து தாண்டிய இடத்தை நடைபாதைச் செங்கல்களில் குறித்திருக்கிறார்கள். வருஷாவருஷம் அதே தேதியில் ரசிகர்கள் இந்தச் சுவரடியில் கூடி, அந்த ஆட்டத்தின் பழைய வானொலி வர்ணனையை முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் கேட்கிறார்கள். என் மனம் அதற்கு முந்தைய இன்னிங்ஸில் நிற்கிறது. எட்டாவது இன்னிங்ஸில் கிளெமெந்தே தட்டிய பந்து பலமில்லாமல் உருண்டது, அவுட் ஆகியிருக்க வேண்டிய பந்து. அவர் உயிரைக் கொடுத்து ஓடினார். பந்தை வாங்க முதல் பேஸுக்கு வந்திருக்க வேண்டிய, பந்து வீசிய பிட்சர் வந்து சேரவில்லை. இன்னிங்ஸ் உயிரோடு இருந்தது. அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் அடித்தார். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் மாஸரோஸ்கிக்கு வேலையே இருந்திருக்காது. ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்திருந்தார் கிளெமெந்தே. அந்த வருஷத்து மிகச் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் சக வீரர் டிக் குரோட் முதலிடம் பெற, இவருக்கு எட்டாம் இடம் கொடுத்தார்கள். அந்த வலி அவரிடம் வெகுகாலம் இருந்தது. வலித்திருக்கத்தான் வேண்டும்.

"ஏன் மாமா எட்டாவது?" என்று கேட்டான் அக்கா மகன்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வாக்களித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். அவர் பேட்டி கொடுத்தால், அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே கொச்சையாக எழுத்துக்கூட்டி அச்சடித்தார்கள். ஸ்பானிய மொழியில் ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாதவர்கள் அவருடைய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். 1954 முடிவில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதியதில் அவருடைய முதுகெலும்புத் தட்டுகள் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த வலியோடுதான் பிட்ஸ்பர்க் வந்தார். வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் சாக்குச் சொல்கிறார் என்று எழுதினார்கள். பெயரையும் மாற்றினார்கள். ரொபெர்த்தோ என்பது அவர்கள் வாய்க்குக் கஷ்டமாம், பாப் கிளெமென்ட்டே ஆக்கினார்கள். டாப்ஸ் நிறுவனம் வெளியிடும் ஆட்டக்காரர் அட்டைகளில் 1957 முதல் 1969 வரை 'பாப்' என்றே அச்சாகியிருக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் திருத்தினார். என் பெயர் ரொபெர்த்தோ என்றார்.

பயிற்சிக்காக அணி ஃபுளோரிடா போகும்போது இன்னொரு பாடம். வெள்ளைக்கார வீரர்கள் வழியோர உணவகத்துக்குள் போய்ச் சாப்பிடுவார்கள். கிளெமெந்தே உட்படக் கறுப்பு வீரர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க, யாராவது உணவு வாங்கிவந்து கொடுப்பார்கள். கிளெமெந்தே அதைத் தொடக் கூடாது என்றார். நிர்வாகத்திடம் போய், எங்களுக்குத் தனிக் கார் கொடுங்கள், நாங்களே போய்க்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கினார். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த நாட்டிலிருந்து போன எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, இறுதிச் சடங்குக்கு முன்னால் நாங்கள் ஆட மாட்டோம் என்று முடிவெடுத்த பைரேட்ஸ் வீரர்களில் முன்னால் நின்றவர் அவர். லீக் முழுவதும் பருவத்தின் தொடக்கத்தை 10ஆம் தேதிக்குத் தள்ளிவைக்க வேண்டிவந்தது.

மறுநாள் காலை லாரன்ஸ்வில் பகுதிக்குப் போனோம். பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றை கிளெமெந்தே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போனால் கூடவே ஒருவர் வந்து சுற்றிக்காட்டுகிறார். சீருடைகள், கையுறைகள், சுவர் நிறைய படங்கள். என்னை நிறுத்திவைத்தது மட்டை. சாதாரணமாக பேஸ்பால் மட்டையின் அடியில் கை நழுவாமல் இருக்க ஒரு குமிழ் இருக்கும். அவர் விரும்பிய மட்டையில் குமிழ் கிடையாது. கைப்பிடி கீழே வர வர மெதுவாக அகன்று, உலக்கை முனைபோல முடிந்துவிடும். எடை சுமார் 36 அவுன்ஸ், ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இன்றைய ஆட்டக்காரர்கள் இதைவிட லேசான மட்டையைத்தான் பிடிக்கிறார்கள். முதுகுத் தட்டுகள் கெட்டுப்போன மனிதர் ஏன் இத்தனை கனமான கட்டையைச் சுழற்றினார் என்று அந்த மரத்தின் ரேகைகளைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். ஹோம் பிளேட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்பார். தனக்கு எட்டாத பந்து என்று மற்றவர்கள் விட்டுவிடுவதை எட்டி அடிப்பார். அந்த எட்டலுக்கு அந்தக் கனம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

இந்த ஆட்டத்தின் எண்கள் நமக்குப் பழக்கமில்லாதவை. கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளர் அரை நாள் நிற்கலாம். இங்கே ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறை மட்டை பிடித்தாலே அதிகம். பிட்சர் வீசும் பந்தை அடித்து, எதிரணியின் தவறு எதுவும் இல்லாமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். பத்துக்கு மூன்று முறை அதைச் செய்தால் அவர் பெரிய ஆட்டக்காரர். ஏழு முறை தோற்பவரைத்தான் இந்த ஆட்டம் கொண்டாடுகிறது. 18 வருஷம், 9,454 முயற்சிகள். அவருடைய சராசரி .317, அதாவது ஆயிரத்துக்கு 317. 1961, 1964, 1965, 1967 என்று நான்கு வருஷம் லீக்கிலேயே முதல் சராசரி அவருடையது. கடைசி முறை .357. ஹோம் ரன் அடிப்பவர்களையே கொண்டாடிய காலத்தில் அவர் அதை நம்பி ஆடவில்லை. ஆனாலும் 1966இல் 29 ஹோம் ரன்னும் 119 ரன்களும் கொண்டுவந்து, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 1960இல் எட்டாம் இடம் கொடுத்தவர்கள் கையிலிருந்தே வாங்கினார்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய ஃபீல்டிங். சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை 1961 முதல் 1972 வரை இடைவிடாமல் 12 தடவை பெற்றார். வெளிமைதானக்காரர்களில் வில்லி மேஸ் ஒருவர்தான் அந்த எண்ணிக்கையில் அவருக்குச் சமம். எதிரணி ஓட்டக்காரர் அவுட் ஆகும்படி அவர் எறிந்த எறிகள் 266. ஆனால் அந்தக் கைக்குப் பயந்து ஓடாமல் நின்றுவிட்டவர்களை யார் எண்ணியது? முதல் பேஸில் இருப்பவர், பந்து வலது மூலைக்குப் போனால், மூன்றாவது பேஸ் வரை ஓடலாம். கிளெமெந்தே அங்கே நின்றால் இரண்டாவதோடு நின்றுவிடுவார். 18 வருஷம் இப்படி எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! எந்தப் புத்தகத்திலும் ஏறாத அந்தக் கணக்கைத்தான் அவருடைய மிகப் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆட்டம் பார்க்கக் கிளம்பினோம். கோவில் கேன்டீனில் வாங்கிய புளியோதரையை அக்கா எடுத்துவைத்துக்கொண்டாள். ஆட்ட நாளில் கிளெமெந்தே பாலத்தில் கார்களை விடுவதில்லை. அலெகெனி ஆற்றின்மேல் மஞ்சள் வண்ணத்தில் ஒரே மாதிரி மூன்று பாலங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றான, 1928இல் திறந்த இந்தப் பாலத்துக்கு 1998இல்தான் அவர் பெயரை வைத்தார்கள். 'பாப்' என்று கூப்பிட்ட ஊர், பாலத்தில் ரொபெர்த்தோ என்று முழுசாக எழுதிவைத்திருக்கிறது. அதன்மேல் குடும்பம் குடும்பமாக, தோளில் குழந்தைகளோடு நடந்தார்கள். பலருடைய முதுகில் 21 என்ற எண். இன்றைக்கு ஆடும் எந்த பைரேட்ஸ் வீரருடைய எண்ணும் அது இல்லை. 1973இலேயே அந்த எண்ணை அணி ஓய்வு கொடுத்து வைத்துவிட்டது.

பாலம் முடியும் இடத்தில், மைதானத்தின் வாசலில் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. பந்தை அடித்தாகிவிட்டது, மட்டை கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது, உடம்பு முதல் பேஸை நோக்கித் திரும்பிவிட்டது. பீடத்தில் அவர் ஆடிய மூன்று மைதானங்களின் மண்ணை வைத்திருக்கிறார்கள்: போர்ட்டோ ரிக்கோவில் அவர் தொடங்கிய சாந்துர்சே, நாங்கள் முந்தின நாள் பார்த்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டு, பிறகு வந்த த்ரீ ரிவர்ஸ். அக்கா செருப்பைக் கழற்றப் போனாள். பையன் தடுத்துவிட்டான்.

எங்கள் இருக்கை வலப்பக்கம். மைதானத்துக்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் நகரத்தின் கட்டடங்கள், இடையில் அந்த மஞ்சள் பாலம். பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒருவர். நாங்கள் கிளெமெந்தேவைப் பார்க்க வந்தவர்கள் என்று பையன் சொன்னதும், கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கழுத்தை மெதுவாக இடப்பக்கம் சாய்த்து, தோளை உயர்த்தி, ஒரு வட்டம் சுழற்றினார். பிறகு வலப்பக்கம். மட்டை பிடிக்கப் போகுமுன் ஒவ்வொரு முறையும் கிளெமெந்தே செய்ததாம் அது. சின்ன வயதில் அப்பாவோடு ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் வலது மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தெருவில் ஆடும் பையன்கள் எல்லோரும் மட்டை பிடிக்குமுன் கழுத்தைச் சுழற்றுவோம் என்றார். அது உடைந்த முதுகு கொடுத்த வலி என்று அந்த வயதில் தங்களுக்குத் தெரியாது என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

1971இன் கதையையும் அவரிடம் கேட்டேன். அந்த செப்டம்பர் 1 அன்று பைரேட்ஸ் இறக்கிய ஒன்பது பேரும் கறுப்பர்கள் அல்லது லத்தீன் அமெரிக்கர்கள். முதன்மை லீக் வரலாற்றில் அதுவே முதல் தடவை. அக்டோபரில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு எதிராக வேர்ல்டு சீரிஸ். 37 வயது கிளெமெந்தே ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்தார், மொத்தம் 12, சராசரி .414. இதோடு அவர் ஆடிய 14 வேர்ல்டு சீரிஸ் ஆட்டங்களிலும் ஹிட் இல்லாத ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது. கடைசி ஆட்டம் 2–1. அந்த இரண்டில் ஒன்று அவருடைய ஹோம் ரன். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். வெற்றிக்குப் பிறகு தொலைக்காட்சி மைக்கை நீட்டினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, ஸ்பானிய மொழிக்குத் திரும்பி, தீவில் இருந்த அம்மா அப்பாவிடம் ஆசி கேட்டார். அவர் பேசிய ஆங்கிலத்தைப் பல வருஷம் கேலி செய்தவர்கள் அன்றைக்கு அவருடைய மொழியைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. முதியவருக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையாம், ஆனால் அவருடைய அம்மா அழுதாராம்.

1972 செப்டம்பர் 29, த்ரீ ரிவர்ஸ் மைதானம். கிளெமெந்தே 2,999 ஹிட்டில் நிற்கிறார். அவர் அடித்த பந்து எதிரணி ஃபீல்டரின் கையுறையில் பட்டு விலகியது. பலகையில் ஹிட் என்று எரிந்தது, கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. உடனே அது அணைந்து, ஃபீல்டரின் தவறு என்று மாறியது. மூவாயிரம் இல்லை. மறுநாள் மதியம் 13,117 பேர்தான் வந்திருந்தார்கள். நான்காவது இன்னிங்ஸ், மெட்ஸ் அணியின் ஜான் மட்லாக் வீசிய பந்தை இடது நடு மூலைக்கு அடித்தார். இந்த முறை யாரும் விவாதிக்க ஒன்றுமில்லை. பந்து ஒருமுறை தரையில் பட்டு வேலியில் மோதியது. இரண்டாவது பேஸின்மேல் நின்று தொப்பியைக் கழற்றி உயர்த்தினார். அந்த எண்ணைத் தொட்ட பதினோராவது ஆள், லத்தீன் அமெரிக்கர்களில் முதல் ஆள். அடுத்த வாரம் ஒரு லீக் ஆட்டத்தில் சற்று நேரம் ஃபீல்டிங்குக்கு மட்டும் வந்து போனார், மட்டை பிடிக்கவில்லை. பிளே ஆஃப் ஆட்டங்கள் தனிக் கணக்கு. அதனால் பதிவேட்டில் அவருடைய கடைசி அடி மூவாயிரமாவது அடியாகவே நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்று எழுதும்போது கை தயங்குகிறது. அந்த டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. முந்தின மாதம்தான் கிளெமெந்தே போர்ட்டோ ரிக்கோ அணியை அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்திருந்தார். வீடு வீடாகக் கேட்டு மருந்தும் உணவும் திரட்டி அனுப்பினார். அனுப்பியது மக்களிடம் போகாமல் ஆட்சியாளர்களின் ஆட்களிடம் போகிறது என்று செய்தி வந்தது. நானே கூடப் போனால் தொட மாட்டார்கள் என்று முடிவெடுத்தார். டிசம்பர் 31 இரவு. பழைய டிசி-7 சரக்கு விமானம், அளவுக்கு மீறிய பாரம். சாமான் ஏற்ற உதவிய டாம் வாக்கர் என்ற இளம் பிட்சர் தானும் வருவதாகச் சொன்னபோது, நீ இங்கே இருந்து புத்தாண்டைக் கொண்டாடு என்று கிளெமெந்தே இறக்கிவிட்டார். ஏறிய சில நிமிஷங்களில் விமானம் கடலில் விழுந்தது. ஐந்து பேர். சக வீரர் மேனி சாங்கியேன் நினைவுக் கூட்டத்துக்குக்கூடப் போகாமல், முக்குளிப்பவர்களோடு கடலில் இறங்கித் தேடினார். கிளெமெந்தேவின் உடல் கிடைக்கவே இல்லை. அவருக்கு 38 வயது.

அன்றைக்கு இறக்கிவிடப்பட்ட டாம் வாக்கருக்குப் பிட்ஸ்பர்க்கில் ஒரு மகன் பிறந்தான். நீல் வாக்கர் என்ற அந்த மகன் 2009 முதல் இதே பைரேட்ஸ் அணிக்கு, இதே மைதானத்தில் ஆடினார். முதியவர் இதைச் சொல்லிவிட்டு, எதிரே தெரிந்த மஞ்சள் பாலத்தைக் கையால் காட்டினார்.

ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ் மாளிகையில் இடம்பெற, ஆட்டத்தை விட்டபின் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. கிளெமெந்தேவுக்காக அதைத் தளர்த்தி 1973 மார்ச்சில் தனித் தேர்தல் வைத்தார்கள். 424 பேரில் 393 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். கரீபியனிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் அங்கே போன முதல் ஆட்டக்காரர். வெண்கலப் பட்டயம் வார்த்தார்கள். அதில் பெயரை ரொபெர்த்தோ வாக்கர் கிளெமெந்தே என்று, அம்மா பெயரை நடுவில் தள்ளி, அமெரிக்க வழக்கப்படி எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தி, ரொபெர்த்தோ கிளெமெந்தே வாக்கர் என்று புதிதாக வார்த்து மாட்டியது 2000ஆம் வருஷம்.

அக்கா இதுவரை ஆட்டத்தைப் பாதியும் எங்கள் பேச்சைப் பாதியுமாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். "அம்மா பேரும் சேர்ந்து வருமா தம்பி அவங்களுக்கு?" என்று கேட்டாள். வரும் என்றேன். அந்த 21 என்ற எண்ணின் கதையையும் சொன்னேன். முதலில் அவர் போட்டிருந்தது 13. ஒருநாள் தன் முழுப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி எண்ணிப் பார்த்தாராம். ரொபெர்த்தோவுக்கு ஏழு, கிளெமெந்தேவுக்கு எட்டு, வாக்கருக்கு ஆறு. கூட்டினால் 21. அதனால்தான் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். ஊர் பாப் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் எல்லாம் முழுப்பெயரையும் முதுகில் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார்.

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "அப்ப அந்தச் சுவரு?" என்று எதிரே கை நீட்டினாள். வலது மூலையில், அவரைப்போல வலது ஃபீல்டர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர். 2001இல் இந்த மைதானத்தைக் கட்டியபோது அவருக்காகவே அதை 21 அடி உயரம் வைத்தார்கள்.

ஆட்டம் முடிந்து பாலத்தில் திரும்பி நடந்தோம். விளக்குகள் ஆற்றில் நீளமாக விழுந்துகிடந்தன. முன்னால் ஒரு சிறுவன், தொளதொளவென்ற 21 சட்டையில், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தூங்கித் தூங்கி நடந்தான். பாலத்தின் பலகை வந்ததும் அக்கா நின்று அண்ணாந்து பார்த்தாள். பையனைப் படிக்கச் சொல்லி, உதட்டை அசைத்து எண்ணினாள்.

"இதுல பதினஞ்சுதான் இருக்கு" என்றாள். "அம்மா பேரு இல்லையே."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். மைதானத்தின் விளக்குகளில் பாதி அணைந்துவிட்டிருந்தன. சுவர் இன்னும் தெரிந்தது.